இரண்டாவது டிரம்

டீசல் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று போன வாரம் படகுத்துறை ஜெட்டியில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். அரை மணி என்றேன். "அவ்ளோ நேரமா அண்ணே? லாஞ்சு கிளம்பிடும் லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். நாளைக்கு எழுதி வைக்கிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்களைப் போலவே நானும் எஞ்சின் டிரைவர்தான். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் தொழில் பழகினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு இருபத்தொன்பது வயது நடந்தபோது, ஒரு துரையின் பாய்ப்படகில் வேலை கிடைத்தது. இரண்டு பாய்மரம், நாற்பது அடி நீளம். காற்று இல்லாத நேரத்துக்காக அடியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பினாங்கில் அப்படிப் படகுகள் அபூர்வம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படகில் நாங்கள் மூன்று பேர்தான். துரை வக்கீல் தொழில் செய்தவர், கடலை உண்மையாகவே நேசித்தவர். படகை நடத்தியவர் செராங். பினாங்கிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம், என்னைவிட இரண்டு வயது இளையவர். பாய், சுக்கான், நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சினும் எண்ணெயும் என் பொறுப்பு. அவர் என்னை "டிரைவரே" என்பார், நான் அவரை "செராங்" என்பேன். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது எனக்குப் பிடிக்காது. எதற்கும் நின்று பதில் சொல்கிற ஆள் இல்லை நான். எப்போதும் கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், கால் எங்காவது போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிகிற சமயம். லங்காவித் தீவு வரை போய்வரலாம் என்று துரை முடிவு செய்தார். கிளம்புவதற்கு முந்திய நாள் இரண்டு டிரம் எண்ணெய் வந்து இறங்கியது. முதல் டிரம்மைத் திறந்து, அடியிலிருந்து கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வெயில் படாமல் வைத்துக் காத்திருந்தேன். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக இறங்கி நிற்கும். அது உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் காத்திருப்புதான் நரகம். போத்தலைப் பார்ப்பேன், எழுந்து நடப்பேன், மறுபடி வந்து பார்ப்பேன். அரை மணி ஆயிற்று. எண்ணெய் தேன் மாதிரி சுத்தம். எஞ்சினின் எண்ணெய் டாங்கியில் ஊற்றினேன்.

இரண்டாவது டிரம்மைத் திறக்கும்போது துரை ஜெட்டிக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையே கிளம்ப வேண்டும், இன்றே எல்லாம் முடியுமா என்றார். அவர் அவசரப்படுத்தவில்லை, கேட்டார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரே கடை, ஒரே நாளில் வந்த சரக்கு, முதல் டிரம் சுத்தம். இதில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது? புனலில் வலைத்துணியைக் கட்டி அப்படியே ஊற்றினேன்.

மாலையில் செராங் வந்தார். "ரெண்டும் பாத்தாச்சா டிரைவரே?"

"பாத்தாச்சு."

வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கந்தலை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் போய்விட்டார்.

அந்த இரண்டாவது டிரம் கடையின் கொல்லையில் கூரையில்லாமல் நிமிர்த்தி வைத்திருந்தது என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேல் தட்டில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் டிரம் சூடாகி, மழையில் குளிரும்போது, மூடியின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். கடைக்காரனைத் திட்டிப் பயனில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

மறுநாள் விடிந்து ஏழு மணிக்குக் கிளம்பினோம். துறைமுகத்தைத் தாண்டும்வரை எஞ்சின் அருமையாக ஓடியது. ஓடத்தான் செய்யும். அமைதியான தண்ணீரில் டாங்கியின் அடியில் கிடக்கிற அழுக்கு அசையாது. கடல் புரட்டும்போதுதான் அது எழுந்து வரும். தஞ்சோங் தோக்கோங் தாண்டியதும் எஞ்சினை நிறுத்திப் பாய் விரித்தோம். நல்ல காற்று. வடமேற்கு முனையில் உள்ள கலங்கரை விளக்கை நெருங்கும்போது சுமத்ரா பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு மேகச்சுவர் எழுந்து வந்தது. செராங் பாய்களைச் சுருக்கினார். புயல் அடித்தது அரை மணி நேரம் இருக்கும். படகு எழுந்து எழுந்து விழுந்தது. பின்னால் கட்டி இழுத்து வந்த எங்கள் சின்னப் படகு தண்ணீர் நிரம்பிக் கயிறு அறுந்து போயிற்று.

பிறகு காற்று திடீரென்று செத்துவிட்டது. அலை மட்டும் அடங்கவில்லை. பாய்கள் தொங்கின, படகு இரண்டு பக்கமும் உருண்டது. அப்போதுதான் துரை கையை நீட்டினார். முனையின் பாறைகளுக்கு வெளியே ஒரு மீன்பிடிச் சம்பான் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகைப் பற்றிக்கொண்டு இரண்டு பேர்.

"எஞ்சின்!" என்றார் செராங்.

நான் கீழே குதித்துக் கைப்பிடியைச் சுழற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. படகு திரும்பி அவர்களை நோக்கி ஓடியது. மேலே துரை ஏதோ கத்துவது கேட்டது. தைரியமாக இருங்கள், வந்துவிட்டோம் என்று சொல்லியிருப்பார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

அந்த அமைதியை உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஆட்கள் தண்ணீரில் கிடக்கும்போது எஞ்சின் நின்றுபோகிற அமைதியை?

வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இல்லை. தண்ணீர், அதோடு மூக்குச்சளி மாதிரி ஒரு கறுப்பு வழவழப்பு. செராங் தலையைத் துவாரத்தில் விட்டு, "எவ்வளவு நேரம்?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

தம்பிகளே, எஞ்சின் அறையில் பிறக்கிற மிகப் பெரிய பொய் இந்த இரண்டு நிமிஷம்தான். இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மேலே இருப்பவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டால் நம்மை நிம்மதியாக வேலை செய்ய விடுவார் என்று நினைக்கிறோம். ஆனால் மேலே இருப்பவர் அந்தப் பதிலை வைத்துத்தான் படகை நடத்துகிறார். இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் வரும் என்று நம்பி, செராங் நங்கூரம் போடவில்லை. நீரோட்டம் எங்களைச் சம்பானிலிருந்து விலக்கி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

வடிகட்டியைக் கழுவினேன். குழாயில் காற்றை வெளியேற்றினேன். சுழற்றினேன். பிடித்தது. ஒரு நிமிஷம் ஓடி மறுபடி செத்தது. மறுபடி திறந்தேன். மறுபடி தண்ணீர். மூன்றாம் முறை கழுவப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். சும்மா நிற்க முடியாததால்.

செராங் கீழேயே இறங்கி வந்துவிட்டார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில்.

"டிரைவரே, கோளாறு வடிகட்டியிலயா, டாங்கியிலயா?"

நான் ஸ்பானரைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

"சொல்லுங்க. டாங்கியிலயா?"

"டாங்கியில" என்றேன். "ரெண்டாவது டிரம்ம நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன். பாக்கல."

அவர் ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. மேலே பார்த்து, "நங்கூரத்தப் போடுங்க சார்!" என்று கத்தினார். சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு என்னிடம், "சுத்தமா என்ன இருக்கு உங்ககிட்ட?" என்றார்.

அந்தக் கேள்விதான் என் தலையைத் தெளிய வைத்தது. டாங்கியைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும். அதை விட்டுவிட்டால் என்ன இருக்கிறது? விளக்குகளுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் இருந்தது. இரண்டு போத்தல். டீசல் எஞ்சின் அதிலும் கொஞ்ச நேரம் ஓடும்.

"மண்ணெண்ணெய் இருக்கு. இருபது நிமிஷம் ஓடும். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஓடாது. இத மாட்ட எனக்குப் பத்து நிமிஷம் வேணும்."

"பத்தா?"

"பத்து."

அவர் மேலே போனார்.

டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மறுமுனையில் புனலைக் கட்டி ஏணியின் உச்சிப் படியில் தொங்கவிட்டேன். போத்தலைச் சாய்க்கப் போகும்போது கை நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேலே துரை, "என்ன செய்கிறாய்?" என்று கத்துகிறார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் போத்தல் சுத்தம். இரண்டாவதில் அடியில் ஒரு கோடு தெரிந்தது. அடியில் இரண்டு விரல்கிடையை விட்டுவிட்டு மேலே இருந்ததை மட்டும் ஊற்றினேன். அன்று காலையில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான்.

எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் வேறு மாதிரி, தகரத்தில் கல் விழுவது போல இருந்தது. ஆனால் ஓடியது. செராங் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நேரே சம்பானுக்கு விட்டார். நான் ஏணியில் நின்று ஒரு கையால் புனலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

சம்பானின் மேல் ஒருவர்தான் இருந்தார்.

துரையும் செராங்கும் அவரைத் தூக்கி மேலே போட்டார்கள். முப்பது வயது இருக்கும். உதடு வெளுத்திருந்தது. "என் தம்பி, என் தம்பி" என்று மலாயில் சொல்லிக்கொண்டு தண்ணீரையே காட்டினார்.

"எவ்வளவு இருக்கு டிரைவரே?"

புனலைப் பார்த்தேன். எட்டு நிமிஷம் என்று சொல்லத்தான் மனம் வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். "ஆறு. பாறையிலேருந்து விலகறதுக்கு ரெண்டு வேணும்."

நான்கு நிமிஷம் சுற்றினோம். துரை பாய்மரத்தில் ஏறி நின்று பார்த்தார். ஒரு பனையோலைத் தொப்பி மிதந்தது. வேறு ஒன்றும் இல்லை. செராங் சுக்கானை வெளிப்பக்கம் திருப்பினார். மீட்கப்பட்டவர் எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். செராங் அந்தக் கையை விலக்கவும் இல்லை, சுக்கானைத் திருப்பவும் இல்லை. பாறையைத் தாண்டி வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கடைசியாக இருமி நின்றது. அதற்குள் மெல்லக் காற்று எழுந்தது. பாய் விரித்துத் தெலுக் பஹாங் என்ற மீனவர் ஊரில் போய் ஒதுங்கினோம். கரையில் அவருடைய ஆட்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள்.

ஊர் திரும்பியதும் துரை தன் நண்பர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். மண்ணெண்ணெய் வைத்து ஓட்டிய டிரைவர் என்று ஜெட்டியில் ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். எண்ணெய்க் கடைதான் மோசம் செய்துவிட்டது என்று துரை நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. செராங்கிடம் போய், "நீங்க துரைகிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அது உங்க வார்த்த. நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

டாங்கியை இறக்கி, தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி கழுவினேன். மூன்றாம் நாள் அந்த மீனவரின் தம்பியின் உடல் தீவின் மேற்குக் கரையில் ஒதுங்கியது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகலில் நாங்கள் மீட்ட அந்த அண்ணன் ஜெட்டிக்கு வந்தார். பெயர் ஹாசான் என்றார். ஓலைக்கூடையில் கருவாடு கொண்டுவந்திருந்தார். எஞ்சின் டிரைவர் யார் என்று விசாரித்து என் முன்னால் வந்து இரண்டு கையாலும் கூடையை நீட்டினார். அவர் பேசியது மலாயில். நான் தமிழில் சொல்கிறேன்.

"உங்க எஞ்சினாலதான் அண்ணே நான் உயிரோட இருக்கேன். எங்க அம்மா கொடுத்துவிட்டாங்க."

கூடையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார். "மொதல்ல எங்கள நோக்கித்தான வந்தீங்க? வெள்ளைக்காரர் கைகூட அசைச்சாரு. அப்புறம் ஏன் திரும்பிப் போனீங்க?"

"திரும்பிப் போகல. எஞ்சின் நின்னுடுச்சு. தண்ணி இழுத்துட்டுப் போச்சு."

அவர் மெல்லத் தலையசைத்தார். "நானும் அதத்தான் சொன்னேன். தம்பி கேக்கல. 'போறாங்க, விட்டுட்டுப் போறாங்க'ன்னான். அவ்வளவு நேரம் நல்லாத்தான் புடிச்சிட்டு இருந்தான். நீங்க தூரமாப் போகப் போக அவன் கை தளந்துடுச்சு. கரைக்கு நீந்தப் போறேன்னு விட்டுட்டான்."

குற்றமாக அவர் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னார். நான் சரி என்று சொல்லி அவரை அனுப்பிவைத்திருக்கலாம். கால் போகத்தான் துடித்தது. மெனக்கெட்டுக் கால்களை ஊன்றி நின்றேன். "எஞ்சின் நின்னது என்னால" என்றேன். டிரம், போத்தல், செராங்கிடம் சொன்ன பொய், 'ரெண்டு நிமிஷம்' என்று சொல்லி நங்கூரம் போடாமல் இழுபட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இத நான் எங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்ல முடியாது" என்றார். "நீங்க வந்து சொல்லுங்க." கூடையை எடுக்காமலே போய்விட்டார்.

அன்று மாலையே துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முகம் சிவந்து, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு, "அங்கே எப்போது போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வந்தேன். செராங் சாலையில் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. "போலாமா?" என்றார். இரண்டு பேரும் பஸ் ஏறித் தெலுக் பஹாங் போனோம்.

ஹாசானின் தாய் தூண்கள் மேல் கட்டிய ஒரு சின்ன மரவீட்டில் இருந்தார். வயதான பெண்களை மலாயில் 'மக்சிக்' என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். எங்களைப் பாயில் உட்காரச் சொல்லிக் கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் என் உடைந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நான் அசையாமல் உட்கார்ந்தது அன்றுதான். அந்த அம்மாள் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அவன் என்னைக் கூப்பிட்டானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பயந்தா 'அம்மா'ன்னு கத்துவான். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். பெரியவனக் கேட்டேன். காதுல தண்ணி, கேக்கலன்னு சொல்றான். நீங்க சொல்லுங்க. கத்தினானா?"

"நான் கீழே எஞ்சின்கிட்ட இருந்தேன், மக்சிக். எனக்குத் தெரியாது."

அவர் செராங்கைப் பார்த்தார். ஹாசானும் பார்த்தார். செராங் கோப்பியைக் கீழே வைத்தார்.

"இல்ல மக்சிக்" என்றார். "ஒரு சத்தமும் இல்ல. கரைக்குப் போயிடலாம்னு நம்பித்தான் நீந்தினான். நான் பாத்தேன்."

ஹாசான் தலை குனிந்துகொண்டார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் செராங்கையே பார்த்திருந்துவிட்டு எழுந்து, ஆறிப்போன எங்கள் கோப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சூடாக வேறு கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பஸ் வர நேரமாகும் போலிருந்தது. தென்னந்தோப்பு ஓரமாக இரண்டு பேரும் நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அவன் கத்தாமப் போனது ஒரு வகையில நல்லது" என்றேன்.

செராங் சாலையைப் பார்த்தபடியே நின்றார்.

"கத்தினான், டிரைவரே" என்றார். "கடைசிவரைக்கும் கத்தினான்."